குரூப் 4 ஜெயித்த பிறகு நான் சறுக்கிய இடம்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு ரிசல்ட் வந்த வாரம் குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தபடியே இருந்தது. ஜங்ஷனில் என் படம் போட்ட பிளக்ஸ்கூட வைத்தார்கள். இளநிலை உதவியாளர் வேலை, அதுவும் சொந்த மாவட்டத்தில். அடுத்தது குரூப் 2 என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். அதில் முதல்நிலைத் தேர்விலேயே தோற்று வெளியே வந்துவிட்டேன்.

முன்பு அப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குக் கிளம்பும் நாலு மணிக்கு நானும் எழுந்துவிடுவேன். வேலை கிடைத்ததும் அது ஆறரை ஆனது. புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றும், பக்கத்தைத் தள்ளிவிடுவேன். கணக்கு போட்டுப் பார்ப்பதை அடியோடு விட்டிருந்தேன். தேர்வறையில் அந்த 25 கேள்விகள்தான் என் நேரத்தைத் தின்றன.

குளச்சலில் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் மாமாவிடம் அழுதேன். "மக்களே, இது எங்க பயலுவளுக்கு வாற சீக்குதான்" என்றார். ஆண்டி ரூயிஸ் என்ற ஹெவிவெயிட் வீரரைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன். 2019 ஜூன் 1 அன்று நியூயார்க்கில், வேறொருவருக்குப் பதிலாகக் களமிறங்கி, ஆண்டனி ஜோஷுவாவை நான்கு முறை கீழே விழவைத்து, ஏழாவது சுற்றில் பட்டம் வென்றவர். டிசம்பர் 7 அன்று சவூதியில் மறுபோட்டி. சுமார் 7 கிலோ எடை கூடி வந்து, புள்ளிகளில் தோற்றார். சரியாகத் தயாராகவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். 1990 பிப்ரவரியில், அதுவரை தோற்காத மைக் டைசனை டோக்கியோவில் சாய்த்த பஸ்டர் டக்ளஸும் இப்படித்தான். அக்டோபரில் எடை கூடி வந்து, ஹோலிஃபீல்டிடம் மூன்றாவது சுற்றில் விழுந்தார்.

"குத்து மறக்காது மக்களே. விடியக்காலத்து ஓட்டம்தான் முதல்ல நிக்கும். அதை யாரும் பாக்கமாட்டாவல்லா" என்றார் மாமா. எனக்கு அந்த ஓட்டம் கணக்கு நோட்டுதான் என்று அப்போதே புரிந்துவிட்டது.

ஜெயித்தவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வாரம் நன்றாகக் கொண்டாடுங்கள், பாடுபட்டது நீங்கள்தானே. எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். அப்புறம், பழைய புத்தகத்தைப் புரட்டி 'தெரியும்' என்று நினைப்பதைவிட, பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, 3 மணி நேரம் வைத்து, 200 கேள்விக்கும் விடை போட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணைப் பார்த்து அன்று சாப்பாடு இறங்கவில்லை. படிக்கும் பசி மட்டும் திரும்பி வந்தது. தப்பான விடைகளை மட்டும் தனி நோட்டில் எழுதி, ஞாயிறுதோறும் மறுபடி போட்டேன். அலுவலகம் முடிந்து வந்து படிக்கலாம் என்று நம்பாதீர்கள். பஸ்ஸில் நின்று வந்த உடம்பு கேட்காது.

இரண்டாம் முறை முதல்நிலை தேறினேன். இப்போது முதன்மைத் தேர்வுக்கு விரிவான விடைகள் எழுதிப் பழகுகிறேன். மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது, அப்பா தூங்குவார். அன்றைக்கும் நாலு மணிக்கு அடுக்களை லைட்டைப் போட்டுவிடுகிறேன்.