எட்டடிக் கோலும் உப்புப் பூத்த உருளையும்

இன்று காலை பாம்பன் கடலில், படகுக்கு நேர் கீழே ஜிக்கை (கனமான உலோகப் போலி இரையை) இறக்கி வெட்டி வெட்டி இழுத்த அரை மணி நேரத்திலேயே, என் 8 அடித் தூண்டில் கோல் தோளை ஓய வைத்துவிட்டது.

நீர்ப்பரப்பில் சளசளக்கும் போலி இரையான பாப்பரைத் தொலைவில் வீசிப் பாரை மீனை மேலே வரவழைக்க அந்த நீளம் தேவைதான். செங்குத்தாக இழுக்கும் ஜிக்கிங்குக்கோ 6 அடியை ஒட்டிய குட்டைக் கோலே கைக்கு இசைவானது.

தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலில் இன்னும் கவனம் வேண்டும். பெரிய பாரை கடித்ததும் பாறையை நோக்கிப் பாயும் என்பதால், மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக் சீராக நழுவ வேண்டும். திக்கித் திக்கி நழுவினால் நரம்பு அறுந்துவிடும்.

வீடு திரும்பிப் பார்த்தபோது, நரம்பு ஏறி ஓடும் சிறு உருளையின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

விரலால் சுழற்றினேன், கரகரத்தது.

அடுத்த ரீல் வாங்கும்போது, விலைக்கு முன்பாக, உப்புநீர் புகாதபடி அடைத்த பேரிங் அந்த உருளையில் இருக்கிறதா என்றே பார்ப்பேன். இப்போதைக்கு இதை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தியிருக்கிறேன்.