காபிக்கு முன்னால் ஒரு மாத்திரை

2024 ஜூன் 2, ஞாயிறு, பவானி

ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதப் போகிறேன். எனக்கு 44 வயது. கல்யாணமாகி 20 வருஷம். தாம்பத்தியத்தில் எனக்கிருந்த நாட்டம் போய்விட்டது. குறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். இருந்த தடமே தெரியவில்லை.

நேற்று ராத்திரி அவர் என் தோள்மேல் கையைப் போட்டார். சும்மா போட்டதுதான். என் உடம்பு விறைத்துப்போனது. அவருக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாகக் கையை எடுத்தார், என் கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டார், அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன். போர்வையைப் போர்த்திவிட்டதுதான் தாங்கவில்லை.

அவர்மேல் வெறுப்பெல்லாம் இல்லை. சாயங்காலம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் மனசு லேசாகிறது. பிறகு ஏன் இப்படி?

ஜூன் 5, புதன்

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் அக்காவிடம் மதியச் சாப்பாட்டின்போது பட்டும்படாமல் கேட்டேன். "நாப்பதுக்கு மேல அதெல்லாம் எதுக்கு சாமி? புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கற வயசாச்சு" என்றார். அவர் அம்மா அவருக்குச் சொன்னது அதுவாகத்தான் இருக்கும். எனக்கு அது போதவில்லை. எனக்கு அது வேண்டும். வீட்டுக்காரருக்காக மட்டுமில்லை, எனக்காகவும்.

ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். இந்த ஒரு வருஷத்தில் 6 கிலோ ஏறியிருக்கிறேன். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. ஃபேன் காற்றே குளிர்கிறது. மாதவிலக்கு ஒரு தடவை 23 நாளில் வருகிறது, அடுத்தது 40 நாள் தள்ளிப்போகிறது. வந்தால் கொட்டித் தீர்க்கிறது. எட்டு மணிக்கே தூக்கம் கண்ணைச் சொருகுகிறது. இதையெல்லாம் தனித்தனிக் கஷ்டமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8, சனி

ஈரோட்டில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். பசி எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அதே குரலில் "தாம்பத்தியம் எப்படி இருக்கு?" என்றார். இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறேன், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருக்கிறேன், ஆறு வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். இதுவரை ஒருவரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வாயைத் திறப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னார்.

ஜூன் 10, திங்கள்

இன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் திறந்தது. சின்னவளை அனுப்பிவிட்டு, அரை நாள் லீவு போட்டு ஓடினேன்.

டிஎஸ்ஹெச், அதாவது தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன், 14.2. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டியது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 58. 25க்கு மேல் போகக் கூடாது. ஹீமோகுளோபின் 9.8, ரத்தம் குறைவு.

"தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரை தவறாமப் போடறேனுங்களே" என்றேன். "எப்படிப் போடறீங்கன்னு செஞ்சு காட்டுங்க" என்றார். காட்டினேன். காலையில் காபி டம்ளரைக் கையில் எடுப்பேன். தைராய்டு மாத்திரை, போன வருஷம் முட்டி வலிக்காக ஆரம்பித்த கால்சியம், கேஸுக்காக மெடிக்கலில் நானே வாங்கும் கேப்சூல். மறந்துவிடக் கூடாதே என்று மூன்றையும் ஒன்றாகப் போட்டு ஒரே மடக்கு.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், என்னைப்போல இன்னும் எத்தனை பேரோ. கால்சியம் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. காபியும் சேர்வதைக் குறைக்கும். கேஸ் கேப்சூலில் இருக்கும் பான்டோபிரசோல் வயிற்று அமிலத்தை அடக்கிவிடுகிறது. அந்த அமிலம் இருந்தால்தான் மாத்திரை நன்றாகக் கரையும். ஆக, மாத்திரை முழுசாக ரத்தத்தில் சேரவே இல்லை.

தைராய்டு போதவில்லை என்றால் மூளை இன்னும் சுரக்கச் சொல்லி டிஆர்ஹெச் என்ற சைகையை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சைகைக்குப் புரோலாக்டினும் கூடிவிடும். போதாததற்கு அதே கேப்சூலில் டொம்பெரிடோன் என்று இன்னொரு மருந்தும் இருக்கிறது, அதுவும் புரோலாக்டினைத் தூக்கிவிடும். புரோலாக்டின் கூடினால் சினைப்பைக்குப் போகும் உத்தரவு தடைபட்டு ஈஸ்ட்ரோஜன் இறங்கும். ஈஸ்ட்ரோஜன் இறங்கினால் ஆசை குறையும், பெண்ணுறுப்பு வறண்டுபோகும். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் மாதங்களில் பல பெண்களுக்கு நாட்டமில்லாமல் போவதற்கும் இந்த ஹார்மோன் ஒரு காரணம்.

பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு இப்படித்தான் இருந்தது. அன்றைக்கு மாமியார் "பால் கொடுக்கிற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்தார். இப்போது 44 வயதில், பால்குடிப் பிள்ளை இல்லாமலே என் உடம்பு அந்தக் காலத்துக்குப் போயிருக்கிறது.

மாத்திரை அளவைக் கூட்டவில்லை. சாப்பிடும் முறையை மாற்றிவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார். புரோலாக்டின் அப்போதும் இறங்கவில்லை என்றால் தலைக்கு ஸ்கேன் எடுக்கணும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஜூன் 11, செவ்வாய்

ஐந்தரைக்கு அலாரம். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், ஒரே ஒரு மாத்திரை. ஆறரைக்குத்தான் காபி. அந்த ஒரு மணி நேரம் டிகாக்ஷன் வாசனையோடு அடுப்படியில் நிற்பது பெரிய பாடு. இரும்புச்சத்து மாத்திரை மதியம், எலுமிச்சைச் சாறோடு. கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம். இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கேப்சூல் நிறுத்தியாச்சு. அதற்குப் பதிலாக ராத்திரி ஏழரைக்கே சாப்பிட்டு முடிக்கிறோம்.

அவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானு என்னமோ தப்புப் பண்ணிட்டேன், அதான் நீ எம்மேல வெறுத்துட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன் கண்ணு" என்றார். ஒரு வருஷம். ஒரே கட்டிலில் இரண்டு பேரும் தனித்தனியாகத் தன்னையே குறை சொல்லிக்கொண்டு படுத்திருந்திருக்கிறோம்.

ஜூன் 23, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். எப்படியோ மோப்பம் பிடித்து, அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் ஒரு டப்பா கொடுத்தார். "பாலில் கலக்கிக் குடி, இயற்கை மருந்துதானே, ஒண்ணும் பண்ணாது." பாசமாகக் கொண்டுவந்தது. தொடுவதற்கு முன்னால் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். இப்போது வேண்டாம் என்றார். அமுக்கரா சிலருக்குத் தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடும், மாத்திரையோடு சேர்ந்தால் எது எதனால் ஏறியது என்றே தெரியாது. அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறதாம்.

நான் சித்த மருந்துக்கு எதிரி இல்லை. ஆனால் 'இயற்கை' என்று டப்பாவில் எழுதியிருப்பதாலேயே அதை மருந்துக் கணக்கில் சேர்க்காமல் விடுவது தப்பு என்று அழுத்திச் சொல்வேன். உளுந்தங்களி, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை எல்லாம் சாப்பிடுகிறேன், நல்ல சாப்பாடு என்பதற்காக. அதற்கு மேல் அவற்றிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

முட்டி வலி பாதி குறைந்திருக்கிறது. இந்தத் தடவை மாதவிலக்கு 31 நாள் இடைவெளியில் வந்தது. ஆசை? இன்னும் இல்லை. ஆனால் விறைப்பு இல்லை.

தூக்கத்தைத்தான் இப்போது பெரிதாகப் பிடித்திருக்கிறேன். போன் ஹாலிலேயே சார்ஜில் கிடக்கும். ஒன்பதரைக்கு விளக்கை அணைக்கிறோம். அமெரிக்காவில் 171 பெண்களை இரண்டு வாரம் கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தேன். முந்தின ராத்திரி ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால், மறுநாள் துணையோடு சேரும் வாய்ப்பு 14 சதவீதம் கூடுகிறதாம். காசு செலவில்லாத மருந்து. ஆனால் கடைசிப் பாத்திரம் கழுவும் வரைக்கும் தூங்கப் போகக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இது லேசில் வாய்க்காது. எங்கள் வீட்டில் இப்போது ராத்திரிப் பாத்திரம் அவர் பொறுப்பு.

ஜூலை 21, ஞாயிறு

நேற்று முயற்சி செய்தோம். எரிச்சல் தாங்க முடியவில்லை, நிறுத்திவிட்டோம். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்ளவில்லை. "வலிக்குதுங்க" என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தால் உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை பக்கத்தில் வரும்போதே இறுகும் என்றார் டாக்டரம்மா. தண்ணீர் அடிப்படையிலான ஜெல்லி மெடிக்கலில் கிடைக்கும். தேங்காய் எண்ணெயும் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் ஆணுறை போடுகிறவர்கள் எண்ணெய் பக்கமே போகக் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். இதற்கும் சரியாகவில்லை என்றால் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதித் தருவாராம். மாதவிலக்கு நிற்கப்போகிற வயதும் நெருங்குகிறது, தைராய்டு சரியானாலும் வறட்சி கொஞ்சம் இருக்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. மேட்டூர் நிரம்பி, காவிரி இரு கரையும் தொட்டுப் போகிறது. வீட்டிலேயே கும்பிட்டு, மஞ்சள் கயிறு மாற்றினேன். கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டது அவர்தான். பின்கழுத்தில் அவர் விரல் பட்டபோது சிலிர்த்தது. நின்று, அதைக் கவனித்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

டிஎஸ்ஹெச் 3.1. புரோலாக்டின் 17. ஹீமோகுளோபின் 11.2. ஸ்கேன் தேவையில்லை.

"நம்பர் எல்லாம் சரியாயிடுச்சு, ஆனா தானா ஆசை வரலீங்களே" என்றேன். கனடாவில் ரோஸ்மேரி பேசன் என்ற மருத்துவர் 2000-இல் எழுதியதைச் சொன்னார். நீண்ட நாள் சேர்ந்து வாழும் பெண்களில் பலருக்கு ஆசை முன்னால் வராது. நெருக்கம், தொடுதல், பேச்சு என்று ஆரம்பித்த பிறகு ஆசை பின்னால் வந்து சேரும். அதுவும் ஆசைதான், குறை இல்லை. கல்யாணமான புதுசில் இருந்தது போல எரியவில்லையே என்று இத்தனை நாள் அதையே அளவுகோலாக வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நேற்று ராத்திரி முழிப்புத் தட்டியது. மழை பெய்து ஓய்ந்திருந்தது, சன்ஷேடிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் கையை நீட்டி அவர் தோள்மேல் வைத்தேன்.

"மாத்திரைக்கு நேரமாயிடுச்சா கண்ணு?" என்று தூக்கக் கலக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இல்லீங் மாமா, மணி பன்னெண்டுதான் ஆகுது" என்றேன்.