ஏழாவது கேள்வி

சார் போய்விட்டார் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது இங்கே விடிகாலை. அவர் முகம் நினைவுக்கு வருவதற்கு முன்பே, அவருடைய தத்துவ வகுப்பான வியாழக்கிழமை கடைசி பீரியடுதான் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன!

சமூகவியல் படிக்க வந்தவர்களுக்குத் தத்துவம் எதற்கு என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். தத்துவ அறிஞர் காண்ட்டின் பெயரால் அவருக்குக் 'காண்ட் சார்' என்று பட்டப்பெயர் வைத்ததும் நான்தான். இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் தனிமை பற்றி ஆய்வு செய்தேன். 80 பேர், 20 கேள்விகள், அட்டவணை, சதவீதம். சமூக உண்மைகளை வெளியிலிருந்து கவனிக்கும் பொருள்களாகக் கருத வேண்டும் என்று, சமூகவியலை நிறுவியவர்களில் ஒருவரான எமில் துர்கைம் 1895இல் வகுத்த விதியை முதல் பக்கத்திலேயே பெருமையாக எழுதியிருந்தேன். சார் ஒரு வெற்றுப் படிவத்தை உருவி என்னிடமே நீட்டினார்.

"ஏழாவது கேள்வி. நீயே நிரப்பு."

'நீங்கள் தனிமையில் இருக்கிறீர்களா? ஆம் / இல்லை.'

பேனா 'ஆம்' பக்கம் போனது, 'இல்லை' பக்கம் வந்தது. "விடுதி அறையில் நாலு பேர் இருக்கோம் சார்" என்றேன். வகுப்பே சிரித்தது.

"நான் அதைக் கேட்கலையே. சரி, இந்த 80 பேரும் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாங்க?"

அன்று மணி அடித்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. துர்கைமே தத்துவ ஆசிரியராக இருந்தவர்தானாம். வெளியிலிருந்து தெரிவதை மட்டும் எண்ணுவோம் என்பதும் ஒரு தத்துவ முடிவுதானாம். ஒருவர் தன் செயலுக்குத் தரும் அர்த்தம் வேறு, பார்ப்பவர் ஊகிப்பது வேறு என்று ஆல்ஃபிரட் ஷூட்ஸ் என்ற அறிஞர், தத்துவ அறிஞர் ஹுஸ்ஸர்லின் சிந்தனைத் துணையோடு, சமூகவியலாளர் மாக்ஸ் வெபரை 1932இல் திருத்தியதைச் சொன்னார். பிறகு தத்துவ அறிஞர் பீட்டர் வின்ச், 1958இல் எழுதியது. இன்னொரு தத்துவ அறிஞரான விட்கென்ஸ்டைனின் எழுத்துகளிலிருந்து கற்றவற்றைக் கொண்டு அவர் எழுப்பிய சிக்கல் இது: இரண்டு செயல்கள் 'ஒன்றே' என்று சொல்ல ஒரு விதி வேண்டும், ஆராய்கிறவன் விதி மட்டும் போதாது, அப்படி வாழ்கிறவர்களின் விதியும் தெரிய வேண்டும். என் அட்டவணையில் 53 'ஆம்'கள் ஒரே கட்டத்தில் கிடந்தன.

"எண்ணுறது தப்பில்லை. எதை ஒண்ணுன்னு எண்ணினே?"

இரண்டு வாரம் அவரிடம் பேசவில்லை. வேடிக்கை என்னவென்றால், இங்கே எனக்குச் சோறு போடுவதே கேள்வித்தாள் தயாரிக்கும் வேலைதான். எந்தக் கேள்வியானாலும் முதலில் பத்துப் பேரை உட்காரவைத்து, "இது உங்களுக்கு எப்படிப் புரிந்தது?" என்று கேட்பேன். அலுவலகத்தில் என்னைத் தொல்லை என்கிறார்கள்.

ஆராய்ச்சிக்கு இருந்துவிடு என்றார் அவர். இரண்டே வருடத்தில் வந்துவிடுகிறேன் என்றேன். 27 வருடம் ஆயிற்று.

போன வருடம் போனில் கேட்டார்: "அங்கே தனிமையில் இருக்கியாப்பா?"

மனைவி, இரண்டு பிள்ளைகள். "நாலு பேர் இருக்கோம் சார்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டது இருமலா சிரிப்பா, தெரியவில்லை.