வை ஆற்றோடு போய், ரயில் தடத்தில் திரும்பிய நடை

மே 3, வெள்ளி

நாளைய நடைக்காக வரைபடத்தை விரித்தேன். இங்கிலாந்தின் டார்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் ஒரு சுற்று. மான்சல் ஹெட் மேட்டிலிருந்து இறங்கி, கிரெஸ்புரூக், லிட்டன் மில் வழியாக மில்லர்ஸ் டேல் வரை வை ஆற்றோடு போக வேண்டும். திரும்புவது பழைய ரயில் தடத்தில். ஆற்றோரப் பாதை வளைந்து வளைந்து போகிறது. ரயில் தடமோ மலை குறுக்கிட்ட இடத்திலெல்லாம் புள்ளிக்கோடாக உள்ளே புகுந்து மறுபக்கம் வெளிவருகிறது. ஆறு முதலில், ரயில் பிறகு என்று வைத்துக்கொண்டேன். கால் சோர்ந்த பிறகு ஏற்ற இறக்கம் கூடாது.

மே 4, சனி

மான்சல் ஹெட்டில் எல்லாரும் படம் எடுப்பது ஹெட்ஸ்டோன் ரயில் பாலத்தைத்தான். ஆறு சட்டென்று திரும்பும் இடத்தில் ஐந்து வளைவுகளோடு நிற்கிறது. மிட்லண்ட் ரயில்வே கம்பெனி இந்த வழியை 1863இல் திறந்தது. எழுத்தாளர் ஜான் ரஸ்கினுக்கு ஆறாத கோபம். பாறையை வெடிவைத்துத் தகர்த்து ஆற்றில் கொட்டினார்கள், பள்ளத்தாக்கும் போயிற்று, தெய்வங்களும் போயின; பக்ஸ்டன் முட்டாள்கள் அரை மணியில் பேக்வெல் வரலாம், பேக்வெல் முட்டாள்கள் பக்ஸ்டன் போகலாம், கண்ட லாபம் இதுதான் என்று பின்னாளில் எழுதினார். காந்தியின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட அதே ரஸ்கின்தான். அவருடைய புத்தகத்தைக் காந்தி படித்தது 1904இல், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில்!

1968இல் இங்கே ரயில் நின்றது. 1970இல் பாலத்தை இடிக்கக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு வந்தது. ரஸ்கின் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. எனக்குப் பாலம் பிடித்திருக்கிறது. ஆனால் கல்லும் மண்ணும் ஆற்றில் சரிந்துகொண்டிருந்த காலத்தில் இங்கு நின்றிருந்தால் நானும் அவர் கட்சியாகத்தான் இருந்திருப்பேன்.

கிரெஸ்புரூக் ஆலையைத் தாண்டியதும் ஆறு அகன்று, தடுப்பணையால் குளமாகத் தேங்குகிறது. இந்த இடத்துக்கு வாட்டர்-கம்-ஜாலி டேல் என்று பெயர். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தலைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும் சுண்ணாம்புப் பாறை. நடுவில் ஓர் ஆள் போகுமளவு பாதை. அதன் மேலும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். எதிரே வந்தவர்கள் கையிலும் காலணி. பாறையில் ஏறிப் பழகுபவர்கள் மட்டும் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

லிட்டன் மில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு காலத்தில் இந்தப் பஞ்சாலையில் வேலை செய்தவர்கள் அநாதைக் குழந்தைகள். லண்டன் செயின்ட் பாங்கிராஸ் ஏழையர் விடுதியில் வளர்ந்த ராபர்ட் பிளிங்கோ அவர்களில் ஒருவர். அவர் இங்கே பட்ட அடியும் பட்டினியும் 1832இல் சிறு நூலாக அச்சேறின. பிற்காலத்தில் இதே பள்ளத்தாக்கு வழியே மான்செஸ்டரிலிருந்து போன மிட்லண்ட் ரயில்கள் லண்டனில் போய் நின்ற நிலையத்தின் பெயரும் செயின்ட் பாங்கிராஸ்தான். சன்னல்களில் பூந்தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். எனக்கு அங்கே அதிக நேரம் நிற்கத் தோன்றவில்லை.

மில்லர்ஸ் டேலில் இரண்டு ரயில் பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில். போக்குவரத்து பெருகியதால் 1905இல் இரண்டாவதைக் கட்டினார்கள். அங்கே மேலேறித் திரும்பினேன். தடம் தட்டை, அகலம், கொஞ்சம் அலுப்பும்கூட. ரயிலுக்காக மலையைக் குடைந்த லிட்டன் குகை 471 மீட்டர், கிரெஸ்புரூக் குகை 431 மீட்டர். உள்ளே குளிர், விளக்குகள், நம் காலடிச் சத்தம். இரண்டு குகைகளுக்கும் இடையில் கொஞ்ச தூரம்தான் வெளிச்சம். அங்கே எட்டிப்பார்த்தால், காலையில் வெறுங்காலோடு கடந்த தண்ணீர் கீழே கிடக்கிறது. ஆற்றோடு முக்கால் மணி நேரம் திரும்பித் திரும்பிப் போன தூரத்தை இந்த வழி சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது.

மே 5, ஞாயிறு

மழை. சீ டேல் பள்ளத்தாக்கில் பாறையடியில் நடந்துபோகப் போட்டிருக்கும் படிக்கற்களைத் தண்ணீர் மூடிவிட்டது. இன்றும் ரயில் தடம்தான். 1981 முதலே இது நடைபாதை என்றாலும், குகைகளைத் திறந்தது 2011இல்தான். அதுவரை ஒவ்வொரு குகை வாயிலிலும் தடத்தை விட்டு விலகி மேடேறி இறங்கினார்கள். இந்தச் சேற்றில் அதை நினைக்கவே முடியவில்லை. சைக்கிள்காரர்கள் குகைக்குள் வேகத்தைக் குறைத்தால் தேவலை. பொழுது சாய்ந்ததும் உள்ளே விளக்கை அணைத்துவிடுவார்கள் என்பதால் கைவிளக்கு எடுத்து வந்திருந்தேன், தேவைப்படவில்லை. ஹெட்ஸ்டோன் குகை வழியாக பேக்வெல் வரை போவது பாக்கி இருக்கிறது.