காலைச் சிறுநீரும் கைத்தமனியும்

மார்ச் 3

மகளுக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது தெரிந்து 5 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இப்போது வயது 14. இனி ஆண்டுதோறும் சிறுநீரகம் பழுதானால் சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்தையும் கண்ணில் விழித்திரையையும் சோதித்துவர வேண்டும் என்றார் மருத்துவர். பார்வை மங்கும்வரை காத்திருந்தால், அதற்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பல ஆண்டுகளாகப் பழுதுபட்டிருக்கும். பருவ வயதில் மிகுதியாகச் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் செயலை மட்டுப்படுத்துவதால், முன்பு போதுமானதாக இருந்த அளவு இப்போது போதுவதில்லை என்றும் விளக்கினார். நானோ சர்க்கரை ஏறுவதை அவளுடைய அலட்சியம் என்றே கடிந்துகொண்டிருந்தேன்.

மார்ச் 9

ஓர் ஆய்வில் பங்கேற்கச் சம்மதித்தோம். வெறும் வயிற்றுடன் அவளைப் படுக்கவைத்து, முன்கையில் பட்டையை இறுக்கி 5 நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தினார்கள். பட்டையைத் தளர்த்தியதும் மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்பதை அல்ட்ராசவுண்ட் கருவியால் அளந்தார்கள். திடீரெனப் பாயும் ரத்தத்தின் உராய்வை உணரும் அகப்படலம் (குழாயின் உட்புற மெல்லிய படலம்) நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட, குழாய் விரிகிறது. அகப்படலம் நலிந்திருந்தால் விரிவு குறைகிறது. இந்நோயுள்ள வளரிளம் பருவத்தினரிடம், சிறுநீரகத்திலும் கண்ணிலும் பாதிப்பு தென்படும் முன்பே, இவ்விரிவு சராசரியாகக் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அவளுடைய அளவைக் கேட்டேன். உணவு, அறையின் வெப்பம், அளப்பவரின் கை என எல்லாவற்றாலும் மாறக்கூடிய இந்த எண்ணைக் கொண்டு ஒரு குழந்தையைப் பற்றி முடிவு சொல்ல இயலாது என்று மறுத்துவிட்டார்கள். ஏமாற்றம்தான், ஆனாலும் அந்த நேர்மை பிடித்திருந்தது.

மார்ச் 16

சிறுநீர்ச் சோதனை வந்தது. அல்புமினை, தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினினோடு ஒப்பிடும் விகிதம் கிராமுக்கு 41 மில்லிகிராம்; 30-க்குள் இருக்க வேண்டும். இரவு உறக்கமில்லை. முந்தைய மாலை இரண்டு மணி நேரம் பந்து விளையாடியதாக அவள் சொன்ன பிறகு மருத்துவரிடம் கேட்டேன். கடும் உடற்பயிற்சி, காய்ச்சல், மாதவிடாய் ஆகியவையும் இதை உயர்த்தும் என்றும், 3 முதல் 6 மாதங்களுக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் சிறுநீரகப் பாதிப்பின் தொடக்கமாகக் கொள்வார்கள் என்றும் சொன்னார்.

ஏப்ரல் 2

விழித்திரைப் படங்களில் மாற்றமில்லை.

மே 18

காலையில் எழுந்ததும் எடுத்த இரண்டாம் மாதிரி: 17.

1983 முதல் 1993 வரை முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரிடம் நடந்த டிசிசிடி என்ற நீரிழிவுக் கட்டுப்பாட்டு ஆய்வைப் பற்றி இருவருமாகப் படித்தோம். சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆய்வு முடிந்து இரு குழுவினரின் சர்க்கரை அளவும் ஏறத்தாழ ஒன்றான பிறகும், முன்பு கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு அந்த நன்மை பல ஆண்டுகள் நீடித்தது. இதை வளர்சிதை மாற்ற நினைவு என்கிறார்கள். ஊசியை அடிக்கடி தவிர்த்த நாட்களை எண்ணியோ என்னவோ, "என் ஆறாம் வகுப்பையும் அது ஞாபகம் வைத்திருக்குமா, அம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பின் வந்த நல்ல ஆண்டுகளும் அதே கணக்கில்தான் சேரும் என்றேன்.

ஜூன் 29

மூன்றாவது: 14. அடுத்த ஆண்டுச் சோதனைக்கு முந்தைய நாள் பந்து கிடையாது என்று நாட்காட்டியில் அவளே எழுதி வைத்தாள்.