பாத்திரக்கடைக்கு மேலே டெட்லிஃப்ட்

பாளையங்கோட்டையில் எங்க ஜிம் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. எந்தப் புண்ணியவான் பார்த்து இந்த இடத்தைப் பேசி முடித்தாரோ! கீழே அடுக்கடுக்காய் எவர்சில்வர், மேலே அடுக்கடுக்காய் இரும்பு. நடுவில் ஒரு கான்கிரீட் தளமும் கடைக்கார அண்ணாச்சியின் பொறுமையும்தான்.

அண்ணாச்சி பார்பெல்லை, அதாவது இரண்டு பக்கமும் இரும்புத் தட்டு மாட்டிய கம்பியை, தொட்டதே இல்லை. ஆனால் மேலே என்ன நடக்கிறது என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் என்றால் ரேக்கில் கம்பியை வைக்கும்போது 'டங்'குன்னு ஒன்று, அதோடு சரி. மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே கம்பியைத் தள்ளும் பென்ச் பிரஸ்ஸுக்குச் சத்தமே கிடையாது, திடீரென்று "மாஸ்டர்... மாஸ்டர்..." என்று ஈனக்குரல் கேட்டால் எவனோ நெஞ்சில் கம்பியோடு மல்லாந்து கிடக்கிறான் என்று அர்த்தம். தரையில் கிடக்கிற கம்பியைக் கையில் பிடித்து இழுத்து நிமிரும் டெட்லிஃப்ட் என்றால் பரணில் இருக்கிற தூக்குச்சட்டி தானாகவே கீழே இறங்கி வரும்.

போன வைகாசியில்தான் விவகாரம் முற்றியது. கடையில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் சீர்வரிசைப் பாத்திரம் எடுத்துக்கொண்டிருக்க, மேலே எங்க ஆள் ஒருத்தன் 140 கிலோவை இழுத்து நிமிர்ந்து, கைப்பிடி நழுவிப் போட்டுவிட்டான். பித்தளைச் சொம்பு ஒன்று உருண்டு வந்து சரியாகப் பெண்ணின் ஆச்சி காலடியில் நின்றது. "சகுனம் சரியில்ல, எந்திரிங்க"ன்னு ஆச்சி கிளம்பிவிட்டார். பின்னாலேயே மொத்தக் குடும்பமும்.

அண்ணாச்சி மாடி ஏறி வந்தார். "என்னவே நடக்கு மேல? தூக்கத் தெரிஞ்சவனுக்கு வைக்கத் தெரியாதா?"

நியாயமான கேள்வி. ஸ்குவாட்டில் முதலில் இறங்குகிறோம், அந்த இறக்கத்திலேயே தொடை இழுபட்டு, ஏறும்போது கொஞ்சம் உந்துதல் கிடைக்கும். டெட்லிஃப்ட்டில் அந்தச் சலுகை இல்லை. தரையில் சும்மா கிடக்கிற இரும்பை அப்படியே கிளப்ப வேண்டும். முழங்கால் தாண்டும்வரை உயிர் போகும், மேலே போய் நிமிரும்போது விரல்கள் ஒவ்வொன்றாக விடுப்பு கேட்கும். அப்புறம் எங்கே மெதுவாக வைப்பது?

மாஸ்டர் இதையெல்லாம் விளக்கவில்லை. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றி வந்து, "முகூர்த்த நாளெல்லாம் குறிச்சுக் குடுங்க அண்ணாச்சி, அன்னைக்கும் மொத நாளும் தரையில இருந்து இழுக்க விடமாட்டேன்" என்றார். அன்றிலிருந்து எங்க பயிற்சி அட்டவணையைப் பஞ்சாங்கம் எழுதுகிறது.

பார்த்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஸ்குவாட்டை வாரத்தில் மூன்று நாள்கூட அடிக்கலாம், கனமான டெட்லிஃப்ட் வாரத்துக்கு ஒன்று போதும். அதற்கு மேல் போனால் முதுகு அடுத்த நாள் நாற்காலியைக்கூட வெறுக்கும். முகூர்த்த வாரங்களில் ருமேனியன் டெட்லிஃப்ட். கம்பி முழங்காலுக்குக் கீழே வரை இறங்கி, தரையைத் தொடாமலே திரும்பிவிடும். பின்தொடை பற்றி எரியும், கீழே ஒரு கரண்டி அசையாது.

ஆவணி, தையில் எங்க எல்லாருக்கும் நெஞ்சு விரியும், ஏனென்றால் பென்ச்தான் கதி. மார்கழியில் முகூர்த்தமே கிடையாது; டெட்லிஃப்ட் கிடுகிடுவென ஏறும், பொங்கப்பானை வியாபாரம் சூடுபிடிக்கும்வரை. ஆடியிலும் அப்படித்தான் என்று ஆசைப்பட்டோம். அண்ணாச்சி ஆடித் தள்ளுபடி போர்டை வைத்து எங்க வாயை அடைத்தார்.

அவருக்குப் பிடித்தது ஓவர்ஹெட் பிரஸ். நின்றபடி தோளிலிருந்து தலைக்கு மேலே, சத்தமில்லாமல். எங்களுக்குத்தான் அது கசக்கும். எங்க ஜிம்மில் இருக்கிற சின்ன பிளேட்டே இரண்டரை கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஐந்து. 120 கிலோ டெட்லிஃப்ட்டில் அந்த ஐந்து வந்ததே தெரியாது. 40 கிலோ பிரஸ்ஸில் எட்டில் ஒரு பங்கு கூடிவிடும். கம்பி நெற்றிக்கு நேரே நின்றுகொண்டு 'இனி உன் பாடு' என்னும். உடனே முதுகை வளைத்துப் பின்னால் சாய்வோம். இதே சாய்மானத்தை நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாமல்தான் 1972 மியூனிக்கோடு ஒலிம்பிக்கிலிருந்தே பிரஸ்ஸை எடுத்தார்கள். எங்க மாஸ்டர் மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

இப்போது புதுசாக ஒரு கல்லூரிப் பையன் சேர்ந்திருக்கிறான். வேலூர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் ஸ்னாட்ச்சில் 149 கிலோ தூக்கிய வீடியோவைப் பார்த்துவிட்டு, ஸ்னாட்ச் கற்றுக்கொடுங்கள் என்று நின்றான். ஒரே இழுப்பில் தலைக்கு மேலே கொண்டுபோய், முடித்ததும் அங்கிருந்தே கீழே போடுவது.

மாஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு ஆட்சேபணை இல்ல தம்பி. கீழ அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரு."

போனவன் அரைமணி நேரம் கழித்து வந்தான். கையில் ஒரு எவர்சில்வர் குடமும் இரண்டு தூக்குச்சட்டியும் இருந்தன. தள்ளுபடியாம்.