ரெண்டாவது துளி

மார்ச் 4
தண்ணியில துளி விழுறத ஃபோட்டோ எடுக்கப் பாக்குறேன். ரூம் லைட்ல, ஷட்டர் 1/200 செகண்டுல வெச்சு எடுத்தா துளி துளியாவே இல்ல, கண்ணாடிக் கம்பி மாதிரி நீண்டு விழுது. கணக்குப் போட்டுப் பாத்தேன். 40 செ.மீ உயரத்துலேர்ந்து விழுற துளி தண்ணியத் தொடுறப்போ வேகம் செகண்டுக்கு 2.8 மீட்டர், அந்த 1/200 செகண்டுக்குள்ளயே 14 மி.மீ நகர்ந்துடுது. அப்புறம் எப்படி ஷார்ப்பா வரும்?

மார்ச் 6
லைட்ட எல்லாம் அணைச்சுட்டு, கேமராவோட பல்ப் மோடுல (பட்டன அமுக்கியிருக்கிற வரைக்கும் ஷட்டர் மூடாது) ஷட்டர தொறந்து வெச்சு, ஃபிளாஷ மட்டும் அடிக்க விட்டேன். இருட்டுல துளிய நிறுத்துறது ஷட்டர் இல்ல, ஃபிளாஷ்தான், அதுவும் பவர கொறைக்கக் கொறைக்க அது எரியுற நேரமும் சுருங்குது. ஃபுல் பவர்ல ஓரமெல்லாம் வால் வால், 1/64-க்கு எறக்குனதும் தெறிச்ச பொடித்துளி கூட மணி மணியா நின்னுச்சு!! வெளிச்சம் பத்தாம ஃபிளாஷ கிட்ட நகர்த்தினேன், லென்ஸ் துவாரம் எஃப் 11, சென்சிட்டிவிட்டி ஐஎஸ்ஓ 400. எம்ஐடி-ல ஹரோல்ட் எட்ஜர்டன் 1930கள்லயே பால்துளிய எடுக்க ஆரம்பிச்சவரு, பால் கிரீடம் மாதிரி தெறிக்கிற அந்தக் கலர் படம் 1957-லதான் வந்துச்சு. அவ்ளோ வருஷம் ஏன் விடாம எடுத்தாருன்னு இப்பப் புரியுது.

மார்ச் 7
ஃபோகஸுக்கு, துளி விழுற எடத்துல ஒரு ஸ்க்ரூவ நிறுத்தி மேனுவல்ல பிடிச்சேன். சரியா வந்துச்சு.

மார்ச் 12
முதல் துளி பள்ளம் போட்டு, பள்ளம் மூடுறப்போ ஒரு தூண் எழும்புது பாருங்க (வொர்திங்டன் ஜெட்), அதோட தலையில ரெண்டாவது துளி விழுந்தாதான் தண்ணி குடை மாதிரி விரியும். பாட்டில்லேர்ந்து துளிய விடுற வால்வுல ரெண்டு துளிக்கும் இடைவெளிய 90 மில்லிசெகண்டுலேர்ந்து அஞ்சு அஞ்சா கூட்டிப் பாத்தேன், ஒரு தடவ மோதுது, அதே நம்பர்ல அடுத்த தடவ தப்பிடுது. ராத்திரி முழுக்க டைமிங்க மாத்தி மாத்தி, காரணம் டைமிங்கே இல்லன்னு ரொம்ப லேட்டாதான் பிடிபட்டுச்சு: மேல பாட்டில்ல தண்ணி எறங்க எறங்க அழுத்தம் கொறைஞ்சு துளியோட சைஸே மாறுது.

மார்ச் 15
பாட்டில் மூடிய காத்து போகாம அடைச்சு, ஒரு மெல்லிய குழாய அடி வரைக்கும் எறக்கினேன், காத்து அது வழியா மட்டும்தான் உள்ள வரணும். மரியாட் பாட்டில்னு பேரு. தண்ணி குழாயோட அடி நுனிக்கு மேல இருக்கிற வரைக்கும் அழுத்தம் மாறவே மாறாது. தண்ணியில கொஞ்சம் சாந்தன் கம் (தண்ணிய கெட்டியாக்குற பொடி) கலந்தேன், குடை விளிம்பு சீக்கிரம் கிழியாம இருக்க.

115 மில்லிசெகண்ட் இடைவெளியில குடை விரிஞ்சுச்சு. திரும்ப அடிச்சேன், விரிஞ்சுச்சு. பன்னெண்டு ஷாட்ல ஒம்பது! நம்பர டேப்புல எழுதி வால்வு மேலயே ஒட்டிட்டேன்.